சிங்காரவேலரும் ‘உபரி’த் தொழிலாளரும்

பழவேற்காடு ஏரியோரத்து மீனவ ஊர்களில் பாடு என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் நன்றாகக் கிடைக்கும். எல்லாரும் ஒரே நாளில் அங்கு வலை கட்ட இடம் போதாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் தலைக்கட்டுக்காரர்கள் முறைவைத்து அந்த இடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஒரு குழுவுக்கு முறை, நாளை வேறொரு குழுவுக்கு. மழை பொய்த்து, முகத்துவாரம் மணல் மூடி, ஏரி வற்றும் காலத்திலும் முறை மாறுவதில்லை. இறால் குறைந்தால் எல்லாருக்கும் குறைகிறது. ஏரியில் இறால் இல்லை என்பதற்காகத் தலைக்கட்டில் பத்துப் பேர் உபரி என்று எவரும் கணக்கெழுதுவதில்லை. தமிழில் பாடு என்ற சொல் முறைப்பங்கையும் துன்பத்தையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

இந்த முறையைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திவிட முடியாது. பாட்டில் பங்கு பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்கு மட்டுமே. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், ஏரியை நம்பி வாழும் தலித் குடும்பங்களும், மீன் விற்கும் பெண்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள். பங்கிடும் அறமும் விலக்கிவைக்கும் வழக்கமும் ஒரே வலையில் பின்னப்பட்டிருக்கின்றன.

அதே பட்டினவர் சமூகத்தில், பழவேற்காட்டுக்குத் தெற்கே சென்னைக் கடற்கரையின் அயோத்தியா குப்பத்தில், 1860 பிப்ரவரி 18 அன்று வெங்கடாசலம் செட்டியார், வள்ளியம்மை தம்பதியருக்குப் பிறந்தவர் ம. சிங்காரவேலர். இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் என்ற ஒற்றை வரியில் பள்ளிப் பாடநூல்கள் அவரை முடித்துவிடுகின்றன. அவருடைய வாழ்க்கையில் நெருக்கடிக் காலத்துக்கு மிகவும் பொருந்துவது 1923 அல்ல, 1928. ஒரு நிறுவனம் பணமில்லை என்று சொல்லும்போது அதன் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வியை அவர் நேருக்கு நேராகச் சந்தித்த ஆண்டு அது. அதில் அவர் தோற்றார்.

வசதியான குடும்பம். கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் பயின்று, 1907-இல், ஏறக்குறைய நாற்பத்தேழாவது வயதில், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவுசெய்துகொண்டார். இடையில் அரிசி வணிகத்துக்காக லண்டன் சென்றார். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். கடற்கரைச் சாலையில் இருந்த அவரது வீட்டில் மகாபோதி சங்கக் கூட்டங்கள் நடந்தன. அந்த வீட்டில் அவர் சேர்த்த நூலகம் பல்லாயிரம் நூல்களைக் கொண்டது. டார்வினும் ஸ்பென்சரும் மார்க்ஸும் ஒரே அலமாரியில் இருந்த வீடு, அன்றைய சென்னையில் அதிகம் இருந்திருக்காது. சாதி பாராது அங்கம்மாள் என்பவரை மணந்தார். ஒரே மகள் கமலா.

இப்படி ஐம்பது வயதைக் கடந்து, நூல்களோடும் வழக்குகளோடும் அமைதியாக முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை, முதல் உலகப் போருக்குப் பின் திசை மாறியது. போர்க்காலத்தில் அரிசியும் துணியும் விலையேறின, கூலி ஏறவில்லை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் விதை போட, திரு.வி.க. தோள் கொடுத்தார். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மூண்ட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர்களுள் சிங்காரவேலரும் ஒருவர். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று வழக்குரைஞர் தொழிலை அவர் துறந்ததும் அந்த ஆண்டில்தான்.

அந்த வேலைநிறுத்தம் உள்ளிருந்தே உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். மற்றவர்கள் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஊருக்குள் தீண்டாமையை வைத்துக்கொண்டு, ஆலை வாசலில் மட்டும் ஒற்றுமையை எதிர்பார்த்தது எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்த நெருப்பு காட்டியது. பழவேற்காட்டுப் பாட்டு முறையின் அதே குறை, ஆயிரம் மடங்கு பெரிதாகி, ஆலையில் வெளிப்பட்டது என்றே நான் கருதுகிறேன். சாதி ஒழிப்பும் தொழிற்சங்கமும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று சிங்காரவேலர் தம் பிற்கால எழுத்துகளில் விடாது வலியுறுத்தியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி, தொழிலாளர், விவசாயிகளுக்கான ஒரு கட்சியைத் தொடங்கினார். 1924-இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சியிலும் உறுப்பினராக இருந்தார். இவை எல்லாம் பலராலும் எழுதப்பட்டவை.

அதிகம் எழுதப்படாதது பொன்மலை.

தென்னிந்திய ரயில்வே அப்போது ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. 1922-23-இல் இஞ்ச்கேப் குழு அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னபோது, ரயில்வேயிலும் சிக்கனமே தாரக மந்திரமாயிற்று. கம்பெனிக்கு நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் பணிமனைகள் இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துத் திருச்சிக்கு அருகில் பொன்மலையில் ஒரே பெரும் பணிமனையாக அமைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. பொறியியல் கணக்கில் அதில் குறை சொல்ல இடமில்லை. மூன்று கொல்லுலைகள் செய்த வேலையை ஒரு புதிய உலை செய்யும். மனிதக் கணக்கில்தான் சிக்கல் எழுந்தது. மூவாயிரத்து நூறு பேருக்கு மேல் உபரி என்று நிர்வாகம் கண்டுபிடித்தது.

உபரி என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முந்தைய நாள் வரை எஞ்சின் கொதிகலனைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்த ஃபிட்டர், மறுநாள் உபரியாகிவிடுகிறார். அவர் மாறவில்லை, அவர் கைத்திறன் குறையவில்லை, கணக்குப் புத்தகத்தின் கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஆனால் யாரை வெளியேற்றுவது என்று நிர்வாகம் நேரடியாகச் சொல்லிவிட்டால் கிளர்ச்சி எழும். எனவே தொழில்திறன் தேர்வு ஒன்று அறிவிக்கப்பட்டது. எல்லாரும் எழுந்து நின்று தம் திறனை மெய்ப்பிக்க வேண்டும். தேறாதவர் போகலாம். இருபது ஆண்டு அந்தத் தொழிலைச் செய்தவர், அவருக்குத் தொழில் தெரியுமா என்ற தேர்வுக்கு உட்கார வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்குறைப்பு நிறுவனத்தின் முடிவு. தேர்வு நடந்துவிட்டால் அதுவே தொழிலாளியின் குறைபாடாக உருமாறிவிடும். வெளியேற்றப்பட்டவர் அநீதிக்கு ஆளானவராக அல்ல, தேர்வில் தோற்றவராக வீடு திரும்புவார். உள்ளே எஞ்சியவர், தேறியவர் என்ற பெருமையில், வெளியேறியவருக்காகக் குரல் கொடுக்கமாட்டார். தொழிற்சங்கம் உடைவதற்கு இதைவிட நல்ல கருவி வேறில்லை.

தொழிலாளர் தேர்வுக்கு உட்கார மறுத்தனர். சங்கத்துக்கு ஆலோசகராகவும் வழிகாட்டியாகவும் வந்தவர்கள் சிங்காரவேலரும் வங்காளத்தைச் சேர்ந்த முகுந்தலால் சர்க்காரும். முந்தைய ஆண்டு வங்காள-நாகபுரி ரயில்வே தொழிலாளரின் போராட்டத்தில் கலந்துகொண்ட அனுபவம் இருவருக்கும் இருந்தது. சிங்காரவேலருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அவர்களின் கோரிக்கைகளுள் முதன்மையானவை தேர்வை நிறுத்துவதும் ஆட்குறைப்பைக் கைவிடுவதும். ஊதிய உயர்வும் பட்டியலில் இருந்தது. நிர்வாகம் ஜூன் கடைசியில் பணிமனைகளைப் பூட்டியது. கதவடைப்புக்குப் பின் பேச்சுவார்த்தைக்கு மேசையே இல்லாமல் போயிற்று.

ஜூலை 19 நள்ளிரவு முதல் முழு வேலைநிறுத்தம் தொடங்கியது. பணிமனைத் தொழிலாளரோடு வண்டி ஓட்டுவோரும் நிலைய ஊழியரும் பல இடங்களில் சேர்ந்தனர். சில நாள்களுக்கு ராமேசுவரம் முதல் சென்னை எழும்பூர் வரை போக்குவரத்து தடுமாறியது. தொழிலாளர் தண்டவாளத்தில் படுத்து மறித்தனர். வண்டிகள் தடம் புரண்ட நிகழ்வுகளும் நடந்தன. அரசு தடையுத்தரவும் காவல்துறையும் கொண்டு எதிர்கொண்டது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதாயினர். பத்து நாளில், ஜூலை இறுதியில், வேலைநிறுத்தம் முடிந்தது. கோரிக்கை எதுவும் நிறைவேறவில்லை.

இங்கே சிங்காரவேலரைப் போற்றுவோர் சற்றுத் தயங்குவார்கள், தயங்க வேண்டியதில்லை. ஒரு பணிமனைப் போராட்டத்தை ஒரு பெரும் ரயில்பாதை முழுவதற்கும் விரிப்பதற்குத் தேவையான ஏற்பாடு அன்று இல்லை. நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்கும் நிதி இல்லை. தண்டவாளத்தில் நடந்தவற்றைச் சங்கம் கட்டுப்படுத்தவில்லை. அரசுக்கு அதுவே போதுமானதாயிற்று. மிதவாதத் தலைவர்கள் ஒதுங்கி நின்றனர். சட்டம் 1926-இலேயே தொழிற்சங்கங்களை அங்கீகரித்திருந்தது உண்மை. ஆனால் ஒரு சங்கத்தோடு பேசியே தீர வேண்டும் என்று எந்த நிர்வாகத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. இந்தப் பலவீனம் தெரிந்தும் இறங்கினாரா, தொழிலாளரின் கோபத்தைத் தலைமை தாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கருதினாரா? அவருடைய இயல்பைப் பார்த்தால் இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தேர்வுக்கு உட்காருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அவர் சிறைக்குப் போயிருக்கமாட்டார். சங்கமும் அன்றே முடிந்திருக்கும்.

சதி வழக்கு தொடுக்கப்பட்டது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறை. பெருமாள் என்ற தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை, அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். வரலாறு வழக்குரைஞரின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது, பெருமாளின் பெயரை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930 ஆகஸ்டில் சிங்காரவேலர் விடுதலையானார். எழுபது வயது. உடல் நலிந்திருந்தது. வெளியே வந்தபோது உலகப் பெருமந்தம் தொடங்கியிருந்தது. 1928-இல் மூவாயிரம் பேருக்கு நேர்ந்தது உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்கு நேர்ந்துகொண்டிருந்தது.

பொன்மலைக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் விமானிகள். கொல்லுலைத் தொழிலாளிக்கும் விமானிக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். ஊதியத்தில் ஒப்பே இல்லை, நிலைமையில் இருக்கிறது. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. மூன்று பணிமனைகள் ஒன்றானதைப் போலத்தான். இணைப்பால் செலவு குறையும் என்று சொல்லப்பட்டது, இழப்பு பெருகியது. ஒரே வானத்தில் பறந்த இரு பகுதி விமானிகளுக்கு இரு வேறு ஊதியம், இரு வேறு பதவி உயர்வு ஏணி. 2011-இல் ஊதியச் சமன்மை கேட்டு ஒரு சங்கம் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. 2012-இல் புதிய ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்ற பூசலில் மற்றொரு சங்கம் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலையை நிறுத்தியது. இரண்டு முறையும் நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்துசெய்தது. விமானிகளைப் பணிநீக்கம் செய்தது. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பயிற்சி யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு எதிர்காலம் உண்டு; கிடைக்காதவர் நாளை உபரி. பொன்மலையின் திறன் தேர்வு வேறு உடையில் வந்து நின்றது. நிர்வாகத்தோடு மோத வேண்டிய விமானிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டதும் 1921-இன் ஆலை வாசலை நினைவூட்டுகிறது.

எதிர்ப்பக்கமும் ஒன்றுண்டு. பறிப்பதற்கு நிறுவனத்தில் எதுவும் மிஞ்சாத நிலையில் சங்கம் என்ன செய்யும்? 2019-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் மாதக்கணக்கில் ஊதியமின்றிப் பறந்தார்கள். ஏப்ரல் முதல் நாளிலிருந்து பறப்பதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது; பிறகு நிறுவனத்துக்கு அவகாசம் தருவதாகத் தள்ளிவைத்தது; மறுபடியும் தள்ளிவைத்தது. ஏப்ரல் 17 அன்று நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. பொறுமை காத்த விமானிகள் கடன்காரர் வரிசையில் போய் நின்றார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. போராடினால் பொன்மலை, பொறுத்தால் ஜெட் என்றால், தொழிலாளி எந்தப் பக்கம் சாய்வது?

சிறையிலிருந்து வந்த சிங்காரவேலர் இந்தக் கேள்வியைச் சங்க மேடையிலிருந்து சமூகத்துக்கு எடுத்துச் சென்றார் என்று சொல்லலாம். குடி அரசு இதழில் தொடர்ந்து எழுதினார். பெருமந்தம் ஏன் வருகிறது, விளைச்சல் மிகுந்திருக்கும்போதே பட்டினி ஏன் நிலவுகிறது, கடவுள் நம்பிக்கைக்கும் கூலிக்கும் என்ன தொடர்பு என்பவற்றை எளிய தமிழில் விளக்கினார். 1932 டிசம்பரில் ஈரோட்டில் பெரியாரோடு சேர்ந்து சமதர்மத் திட்டம் ஒன்றை வகுத்தார். அரசின் அடக்குமுறை நெருக்கியபோது பெரியார் அத்திட்டத்திலிருந்து பின்வாங்கினார், இருவரும் பிரிந்தனர். இந்தப் பிரிவில் யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. சிங்காரவேலர் 1935-இல் புது உலகம் என்ற இதழைத் தொடங்கினார். பொருளாதாரத்தைத் தமிழில் சொல்வதற்குச் சொற்களே உருவாகாத காலத்தில் அவர் எழுதியதால், சில கட்டுரைகள் இன்று படிக்கக் கரடுமுரடாக இருக்கின்றன. கூலித் தொழிலாளிக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை மட்டும் ஒரு பக்கத்திலும் தவறவில்லை.

1945-இல், எண்பத்தைந்து வயதில், அச்சகத் தொழிலாளர் மாநாட்டுக்கு வந்து பேசினார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று, அவருடைய பிறந்த நாளில், பம்பாயில் கடற்படை மாலுமிகள் சோறு சரியில்லை என்று தொடங்கிய வேலைநிறுத்தம் பேரரசையே உலுக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ரயில்வே தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தனர். பதினெட்டு ஆண்டு இடைவெளியில், அதே பணிமனை.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று சிங்காரவேலர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மீனவர் வீட்டு வசதித் திட்டமொன்றுக்கும் அரசு அவர் பெயரைச் சூட்டியது. பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகம். அது அமைந்தபோது இடம் பெயர்ந்த மீனவக் குடும்பங்களில் பலருக்கு அங்கேயே வேலை கிடைத்தது, ஒப்பந்தத் தொழிலாளராக. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் பல முறை போராடியிருக்கிறார்கள். துறைமுகத்தை இன்னும் பல மடங்கு விரிக்கும் திட்டத்துக்கு எதிராக ஏரியோரத்து ஊர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பிவருகின்றன. அது வந்தால் முகத்துவாரமும் பாடும் என்னாகும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிற அந்தத் தொழிலாளியின் தந்தைக்குத் தலைக்கட்டில் பங்கு இருந்தது. ஏரி வற்றிய ஆண்டிலும் அவருடைய முறை வந்தால் அவர் வலை கட்டலாம். மகனுக்குத் துறைமுக வாசலில் காட்ட ஓர் அடையாள அட்டை இருக்கிறது. அதில் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கிறது.